முதலில் பட்டது யாருடைய அம்பு?

1

தியாகலிங்கத்தின் வலது கை நடுங்கத் தொடங்கி நான்கு விநாடி. நாண் கன்னத்தில் அழுந்தியிருந்தது. பரணின் பலகை காலுக்குக் கீழே கிரீச்சிட்டது. கீழே, உறைபனி பூத்த புல்வெளியின் நடுவில், மான். எதிர்ப்பக்க மரத்தில், நாற்பது மீற்றர் தள்ளி, அவருக்குச் சம்பந்தியாகப் போகிற அமிர்தநாதர் அதே மானுக்குக் குறிவைத்து நாணை இழுத்துக்கொண்டிருந்தார். ஒருவர் வில்லில் அலுமினிய அம்பு. மற்றவர் வில்லில் கார்பன் அம்பு. இரண்டும் ஒரே—

போதும், இங்கே நிறுத்துகிறேன்.

இது மூன்றாவது தொடக்கம். முதலாவதில் மான் பேசியது. (மன்னியுங்கள், கோப்பி குடிக்கமுன் எழுதியது.) இரண்டாவதில் “ஒன்ராறியோவின் இலையுதிர்காலம் ஓர் ஓவியனின்” என்று ஒரு வாக்கியத்தை ஆரம்பித்தேன். ஓவியனின் என்ன என்று தெரியவில்லை. வாக்கியம் இன்னமும் அப்படியே கிடக்கிறது. கிடக்கட்டும்.

உண்மையைச் சொல்லிவிடுகிறேன். இது எனக்குள் ஊற்றெடுத்த கதை அல்ல. நாளை, ஞாயிற்றுக்கிழமை, மதியம் ஒரு மணிக்கு, அஜின்கோர்ட்டில் என் அக்கா வீட்டுச் சாப்பாட்டு மேசையில் நான் ஒரு தீர்ப்புச் சொல்ல வேண்டும். அந்த மானில் முதலில் பட்டது யாருடைய அம்பு? கார்பனா, அலுமினியமா? பார்த்த சாட்சி நான் ஒருவன்தான். என் பதிலில் ஒரு கலியாணம் தொங்குகிறது. வாயால் முடிவெடுக்கத் தெரியாதவன் எழுதிப் பார்ப்பான். எழுதிப் பார்க்கிறேன்.

2

தொடர்கதை எழுதிப் பழகியவன் நான். வாரத்துக்கு ஓர் அத்தியாயம், அத்தியாயத்துக்கு ஒரு கத்திக்குத்து, கடைசி வரியில் கதவு தட்டும் சத்தம். தட்டியது யார் என்று எனக்கே அடுத்த வாரம்தான் தெரியவரும். அந்தப் புத்தியோடுதான் இதையும் எழுதுகிறேன். ஆகவே பாத்திரங்களைச் சுருக்கமாகச் சொல்லிவிட்டுக் காட்டுக்குப் போய்விடலாம்.

தியாகலிங்கம்: என் அக்கா இராஜேஸ்வரியின் கணவர், என் அத்தான். ஊர் மட்டக்களப்பு. ஸ்காபரோவில் யன்னல் சட்டம் செய்கிற தொழிற்சாலையில் இருபத்துமூன்று வருடமாக அலுமினியம் வெட்டுகிறார். அதனால் அலுமினியத்தைப் பற்றி யாரும் குறைவாகப் பேசினால் தன் பரம்பரையைப் பற்றிப் பேசியதாக எடுத்துக்கொள்வார்.

அமிர்தநாதர்: ஊர் மன்னார். கத்தோலிக்கர். மீன்பிடிக் குடும்பம். இங்கே பள்ளிக்கூட பஸ் ஓட்டுகிறார். ஓய்வு கிடைத்தால் சிம்கோ ஏரிக்கரையில் நிற்பார். அவரிடம் பன்னிரண்டு தூண்டில் கம்புகள் இருக்கின்றன, பன்னிரண்டும் கார்பன். அவருடைய உலகத்தில் உறுதியானது இரண்டே இரண்டு: ஒன்று கார்பன், மற்றது திருச்சபை.

தியாகலிங்கத்தின் மகள் மதுரா. அமிர்தநாதரின் மகன் றொய்சன். ஐந்து வருடக் காதல். இதில் திருப்பம் எதுவும் இல்லை. (எழுத்தாளன் என்ற முறையில் எனக்கு றொய்சன்மேல் சந்தேகம் இருந்தது. இவ்வளவு நல்லவன் கதைக்கு ஆகாது. அவனுக்கு ஓர் இரகசியக் கடந்தகாலம் கொடுத்து ஒரு பந்தி எழுதினேன். பொருந்தவில்லை. அவனுடைய ஒரே குற்றம் புட்டுக்கு கெச்சப் ஊற்றுவது. பந்தியைக் கிழித்துவிட்டேன்.)

3

கலியாணத்தை இரண்டு முறையிலும் செய்வதென்று எல்லோருக்கும் சம்மதம். இந்த நகரத்தில் அது புதினம் அல்ல. காலையில் தேவாலயம், பின்னேரம் கோயில், பொழுதுபட்டால் மண்டபம். மணப்பெண் மூன்று உடுப்பு மாற்றுவாள், நாங்கள் மூன்று தரம் சாப்பிடுவோம்.

சண்டை வேறு இடத்தில். எது முதல்?

முதலாவதாக நடப்பதுதான் கலியாணம். இரண்டாவது வெறும் படப்பிடிப்பு. இது இரண்டு வீட்டாருக்கும் நன்றாகத் தெரியும். ஒருவரும் வாய்விட்டுச் சொல்லமாட்டார்கள். நாங்கள் நாகரிகமானவர்கள், சமயத்துக்காகச் சண்டை பிடிப்போமா? ஆகவே அம்புக்காகச் சண்டை பிடித்தோம்.

கலியாணப் பேச்சுக்காக அமிர்தநாதர் குடும்பம் அக்கா வீட்டுக்கு வந்த அன்று, மூன்றாவது தேத்தண்ணியோடு பேச்சு வற்றிப்போனது. இருவருக்கும் வில்வேட்டைப் பழக்கம் உண்டென்று யாரோ எடுத்துவிட்டார்கள். அமிர்தநாதருக்கு அது மூன்று வருடப் பழக்கம். அத்தானுக்கு ஒரு வருடம், அதுவும் தொழிற்சாலைச் சிநேகிதன் ஒருவன் தொற்றவைத்தது. அதுவரைக்கும் இருவருடைய அம்பிலும் காய்ந்த இலையைத் தவிர வேறொன்றும் குத்துப்பட்டதில்லை.

“அண்ணை என்ன அம்பு பாவிக்கிறனீங்கள்?” என்றார் அமிர்தநாதர்.

“அலுமினியம்.”

“ஐயோ, உதை இப்ப ஆர் பாவிக்கினம்? உது வளையுமெல்லே.”

“வளைஞ்சா நிமித்தலாம். கார்பன் வெடிச்சா என்ன செய்வீங்க? பூசை வைப்பீங்களோ?”

“பூசை உங்கட பக்கமும் இருக்குத்தானே அண்ணை.”

“எங்கட பூசைக்கு ஆரும் முழங்காலில நிக்கத் தேவல்ல.”

“எங்கட பூசையில ஆருக்கும் கண் எரியிறேல்லை.”

“ரெண்டு இடத்திலயும் அடிக்கிறது சாம்பிராணிதான்” என்று குசினிக்குள்ளிருந்து அக்காவின் குரல் வந்தது. “தேத்தண்ணி ஆறுது. குடிங்க.”

உண்மைக்கு அவர்கள் நெருங்கிய தூரம் அவ்வளவுதான். இருவரும் திடுக்கிட்டுப் பின்வாங்கி, மறுபடியும் அம்புக்கே ஓடிப்போனார்கள். அரை மணித்தியாலத்தில் பந்தயம் பிறந்தது. கேட்டது அமிர்தநாதர்.

“ஒரே காட்டில ரெண்டு பேரும் இருப்பம். ஆற்ற அம்பு முதல் படுதோ, அவற்ற பக்கம் முதல். சரியோ?”

“சரி” என்றார் தியாகலிங்கம்.

“அப்பா, ஆர் யூ சீரியஸ்?” என்றாள் மதுரா.

“மறுகா என்ன, பகிடியா?”

றொய்சன் போனில் எதையோ தேடினான். “அங்கிள், இட்ஸ் லைக்… இது லீகலா?”

“மான் வேட்டை லீகல்” என்றார் தியாகலிங்கம். கேள்வி அதுவல்ல என்பது அவருக்குத் தெரியும்.

4

இந்த இடத்தில் ஒரு சிறு கட்டுரை வருகிறது. அவசரக்காரர்கள் தாண்டிப் போகலாம்.

அலுமினிய அம்பு பாரமானது, நேரானது. கல்லில் பட்டால் வளையும். வளைந்தால் மேசையில் உருட்டிப் பார்த்ததும் தெரிந்துவிடும், தள்ளாடும். கார்பன் இலேசானது, வேகமானது, வளையவே வளையாது. ஆனால் உள்ளே கீறல் விழுந்திருந்தால் வெளியே தெரியாது. எய்யமுன் காதோரம் பிடித்து மெல்ல முறுக்கி, ‘சர்’ என்று சத்தம் வருகிறதா என்று கேட்க வேண்டும். கேட்காமல் எய்தால் வில்லிலேயே சிதறிக் கையைக் கிழித்துவிடும்.

(இங்கே “மனிதரும் இரண்டு வகை” என்று ஆரம்பித்து ஒரு பந்தி இருந்தது. அழகாகத்தான் இருந்தது. அதனால்தான் வெட்டினேன்.)

அத்தானோடு நான் கடைக்குப் போனேன். ஒரு சுவர் முழுக்க அம்பு. நடுவயது விற்பனைக்காரர் பொறுமையானவர். அத்தான் ஒரு அலுமினிய அம்பை எடுத்து ஒற்றைக் கண்ணை மூடிப் பார்த்தார், நகத்தால் தட்டினார், மணந்தும் பார்த்தார்.

“மச்சான், இது நல்ல கலவை. வெட்டுவாயைப் பாரு.”

“யன்னலுக்கா அத்தான் வாங்குறம்?”

“நீ கதை எழுது. இரும்பு, அலுமினியம் எல்லாம் எனக்குட்ட விடு.”

எந்த மிருகம், எவ்வளவு தூரம் என்று விற்பனைக்காரர் கேட்டார். மான், இருபது மீற்றர் என்றேன். அந்தத் தூரத்தில் மானுக்கு இரண்டும் ஒன்றுதான் என்றார் அவர். இருபது மீற்றர்வரை மான் வருவதும், வந்த பிறகு கை நடுங்காமல் இருப்பதும்தான் விசயமாம். அத்தானுக்கு நான் அதை மொழிபெயர்த்துச் சொல்லவில்லை. அவருக்கே விளங்கியது. விளங்காததுபோல் ஒரு டசின் அலுமினியம் வாங்கினார்.

அதே கடையில், அதே கிழமையில், அமிர்தநாதரும் ஒரு டசின் கார்பன் வாங்கியதாகப் பிறகு அறிந்தேன். அவருக்கும் அந்த மனிதர் அதையேதான் சொல்லியிருப்பார்.

5

திகதியை அமிர்தநாதர் சொன்னார்: ஒக்ரோபர் இருபத்தைந்து, சனிக்கிழமை. தியாகலிங்கம் உடனே தலையாட்டினார். அவருக்குப் பின்னால் சுவரில் கோயில் கலண்டர் தொங்கியது. திரும்பிப் பார்த்திருக்கலாம். சம்பந்திக்கு முன்னால் நாள் பார்ப்பவன் பயந்தவன் என்றாகிவிடுமே என்று பார்க்கவில்லை.

அன்று கந்தசஷ்டியில் நாலாம் நாள். அத்தான் பதினொரு வருடமாகத் தவறாமல் அந்த விரதம் பிடிப்பவர். ஆறு நாளும் பாலும் பழமும்தான். மச்சம் சமைத்த சட்டிகூட வீட்டுக்குள் இருக்கக்கூடாது.

“விரதத்தில ஆரும் மான் கொல்லப் போவாங்களா?” என்றாள் அக்கா.

“கொல்லத்தானே போறன். தின்னப் போகல்லையே.”

“முருகன் கேட்டா இதையா சொல்லப் போறீங்க?”

“முருகனே அந்த ஆறு நாளும் சண்டையிலதான் நிண்டவர்.”

“ஓம். அவர் வேலைத் தூக்கிட்டுப் போனவர். கார்பனா அலுமினியமா எண்டு கடையில மணந்து பாக்கல்ல.”

(அவளுக்கு அதைச் சொல்லிக்கொடுத்தது நான்தான். அத்தான் ஒரு கிழமை என்னோடு பேசவில்லை.)

மற்றப் பக்கமும் சளைத்ததல்ல. அமிர்தநாதரின் மனைவி மக்டலீன் பன்னிரண்டு கார்பன் அம்புகளையும் மேசையில் வரிசையாக வைத்து மந்திரித்த தண்ணீர் தெளித்தார். அமிர்தநாதர் சிலுவை போட்டுக்கொண்டார். பிறகு அறைக்குள் போய், ஈரம் பட்டால் அம்பின் இறகுப் பசை இளகுமா என்று போனில் தேடினார். விசுவாசம் வேறு, பசை வேறு.

6

இனிக் காடு.

பீற்றர்பரோவுக்கு வடக்கே, தொழிற்சாலைச் சிநேகிதனின் தமையனுக்குச் சொந்தமான காணி. வேட்டை அனுமதி இல்லாத நான் சாரதி, நடுவர், கோப்பி கொண்டுவருபவன். காலை ஆறரைக்கு இருவரையும் இறக்கினேன். புல்வெளியின் இரண்டு பக்கமும் ஒருவரை ஒருவர் பார்க்கிற மாதிரி இரண்டு பரண். பாதுகாப்பு வகுப்பில் இவர்களுக்குப் பாடம் எடுத்தவர் பார்த்திருந்தால் சான்றிதழைப் பறித்திருப்பார். ஆனால் ஒருவர் மற்றவரைக் கண்காணிக்க வேண்டுமே. நம்பிக்கை அப்படி.

எட்டு மணி தாண்டியபோது மூன்று கோப்பியோடு ஒற்றையடிப் பாதையால் நடந்துவந்து, புல்வெளி ஓரத்தில் நின்றேன். அப்போது மான் வெளியே வந்தது.

எழுத்தாளனாக எனக்குச் சங்கடமான இடம் இது. றொய்சனைவிட இந்த மானைத்தான் நம்ப முடியவில்லை. மெதுவாக வந்தது. சரியாக நடுவில் நின்றது. இரண்டு பரணுக்கும் இருபது இருபது மீற்றர், அளந்து வைத்தாற்போல். அத்தானின் பலகை கிரீச்சிட்டது. ஓடவில்லை. அமிர்தநாதர் இருமினார். அப்போதும் ஓடவில்லை. தொடர்கதையில் நான் இப்படி எழுதினால் வாசகர்கள் கடிதம் போட்டுத் திட்டுவார்கள். ஆனாலும் நின்றது. நின்றதைத்தான் எழுத முடியும்.

இரண்டு நாணும் அதிர்ந்தன. இரண்டு அம்பும் பட்டன. ஒன்று நெஞ்சில், மற்றது கழுத்தடியில். மான் அந்த இடத்திலேயே முன்னங்காலை மடித்து விழுந்தது.

அடுத்த ஒரு நிமிடத்தை அப்படியே சொல்கிறேன், அலங்காரம் இல்லாமல். இரண்டு பேரும் பரணிலிருந்து சறுக்கி இறங்கி ஓடிவந்தார்கள். கட்டிப்பிடித்தார்கள். ஒருவரை ஒருவர் தூக்கப் பார்த்தார்கள், முடியவில்லை, விழுந்து எழும்பினார்கள்.

“அடிச்சிட்டம் அண்ணை!”

“அடிச்சிட்டமடா அமிர்தம்!”

ஆறு மாதமாக ஒருவருக்கொருவர் கைலாகு கொடுக்கவே யோசித்தவர்கள். அத்தான் அழுதேவிட்டார். பின்னால் வந்த சண்டையில் இதை இருவருமே மறந்துவிட்டார்கள். நான் மறக்கவில்லை.

பிறகு அமிர்தநாதர் குனிந்து பார்த்தார்.

“என்ர அம்பு நெஞ்சிலயெல்லோ பட்டிருக்கு. முதல் பட்டது உதுதான்.”

“போங்க காணும். என்ட அம்பு பட்டுத்தான் அது திரும்பினது. திரும்பினதாலதான் உங்களுக்கு நெஞ்சு கிடைச்சது.”

இரண்டு தலைகளும் ஒன்றாக என் பக்கம் திரும்பின. என் கையில் மூன்று கோப்பி. வாயைத் திறக்காமல் இருக்க அதைவிட நல்ல சாட்டு இல்லை. குடித்தேன்.

சட்டப்படி மானுக்கு ஒருவருடைய அனுமதிச் சீட்டுத்தான் கட்டலாம். அமிர்தநாதருடையதைக் கட்டினோம். இதை அவருடைய வெற்றி என்று எண்ண வேண்டாம். சஷ்டி விரதத்தில் தன் பெயரில் ஒரு சாவு பதிவாவதை அத்தான் விரும்பவில்லை. அவ்வளவுதான்.

7

அதற்குப் பிறகு ஒரு கிழமை. அத்தான் வேலை முடிந்து நேரே என் வீட்டுக்கு வந்தார்.

“மச்சான், நீ என்ட ஆள்தானே?”

“நான் நடுவர் அத்தான்.”

“நடுவருக்கு நான் எத்தின தரம் கார் தள்ளிவிட்டிருக்கன்?”

அமிர்தநாதர் போனில் பிடித்தார். “தம்பி, நான் உம்மை வற்புறுத்தேல்லை. ஆனா ஆண்டவரும் அந்த இடத்தில நிண்டவர். அவருக்கும் தெரியும்.”

“அப்ப அவரையே கேக்கலாமே அண்ணை.”

“அவர் ஞாயிற்றுக்கிழமை சாப்பிட வரமாட்டாரே” என்றார். பகிடியா, கவலையா என்று எனக்குப் பிடிபடவில்லை.

மூன்றாவதாக மதுரா. அவள் சுற்றிவளைக்கவில்லை.

“மாமா, ஞாயிறுதான் லாஸ்ட். அண்டைக்கும் இவையள் முடிவெடுக்காட்டி நானும் றொய்சனும் சிற்றி ஹோலுக்குப் போறம். நோ சேர்ச், நோ கோயில், நோ பேரன்ட்ஸ்.”

“பகிடி விடாதை.”

“நான் சிரிக்கிறனா?” என்றாள். “அப்பா இல்லாமக் கலியாணம் செய்ய எனக்கு விருப்பமில்ல. பட் ஐ வில் டூ இட். ஏதாவது ஒண்டைச் சொல்லுங்கோ மாமா. பொய்யெண்டாலும் பரவாயில்ல. நீங்க அதைத்தானே எழுதுறனீங்கள்.”

இருபது வருடமாக எழுதுகிறேன். இவ்வளவு சரியான விமர்சனம் எனக்கு வந்ததில்லை.

8

ஆகவே முடிவுகள். மூன்று தயாரித்திருக்கிறேன்.

முடிவு அ: கார்பன் முதலில் பட்டது என்று சொல்கிறேன். காலையில் தேவாலயம். அத்தான் முன்வரிசையில் கோட் சூட்டோடு உட்கார்ந்து, எல்லோரும் முழங்காலிடும்போது சப்பாத்துக் கயிறு கட்டுவதுபோல் குனிகிறார். பின்னேரம் கோயிலில் தாலி கட்டும்போது, “இது ரெண்டாந்தரம்” என்று யாரோ ஒரு அன்ரி சொல்வது வீடியோவில் பதிவாகிறது. அத்தான் அந்த வீடியோவைச் சாகும்வரைக்கும் பார்க்கமாட்டார்.

முடிவு ஆ: அலுமினியம் முதலில். காலையில் ஓமகுண்டம். அமிர்தநாதர் புகையில் இருமுகிறார். ஏற்கெனவே தாலி ஏறியவளைத் திரும்பவும் மணமுடித்து வைக்கிறீர்களா என்று அவருடைய தமக்கை பங்குத் தந்தை கஸ்பர் சுவாமியாரிடம் கேட்டுவிடுகிறார். சுவாமியார் புன்னகைக்கிறார். அந்தப் புன்னகையை அமிர்தநாதர் ஒவ்வொரு ஞாயிறும் பீடத்தில் காண்கிறார்.

முடிவு இ: இரண்டும் ஒரே கணத்தில் பட்டன. இது அழகான முடிவு. பத்திரிகை ஆசிரியர்களுக்குப் பிடிக்கும். ஆனால் ஒரே கணத்தில் இரண்டு இடத்தில் கலியாணம் செய்ய ஏலாது. திரும்பவும் ஒரு காடு, திரும்பவும் ஒரு மான். இதற்கிடையில் இரண்டு பிள்ளைகள் சிற்றி ஹோல் படியில் தனியாக நின்று—

அந்த வாக்கியத்தை முடிக்க எனக்கு மனம் வரவில்லை.

9

நீங்களே ஒன்றைத் தெரிவுசெய்யுங்கள். நாளை ஒரு மணிக்கு மேசையில் அதைச் சொல்லிவிடுகிறேன். விரதம் முடிந்துவிட்டது, மான் கறி இருக்கும். அக்கா சரக்கரைத்து ஊறப்போட்டுவிட்டாள்.

ஆனால் ஒன்றை மறைத்துவைத்துக்கொண்டு உங்களிடம் தீர்ப்புக் கேட்பது அநியாயம். இதற்குமேல் மறைத்தால் என் தொழிலுக்கே அசிங்கம்.

கோப்பி வாங்கிக் காரில் திரும்பி வரும்போது, காணிக்குக் கொஞ்சம் முன்னால், ஒரு கோப்பையின் மூடி கழன்றது. குனிந்து அழுத்தினேன். ஒரு விநாடிதான். நிமிர்ந்தபோது வீதியில் மான் நின்றது.

அடித்துவிட்டேன். விழுந்தது. எழும்பியது. பின்னங்கால் ஒன்று தொங்க, மூன்று காலில் பற்றைக்குள் போனது. நான் ஸ்ரியரிங்கைப் பிடித்தபடி காருக்குள்ளேயே இருந்தேன். பிறகு காரைத் தள்ளி நிறுத்திவிட்டு, ஒன்றும் நடக்காதவன்போல் கோப்பியைத் தூக்கிக்கொண்டு நடந்தேன். புல்வெளிக்கு வந்தது அதே மான். நின்றது. ஓட விரும்பாமல் அல்ல, ஓட முடியாமல் நின்றது. அது பார்த்தது வில்லுகளை அல்ல, என்னை. நான் சத்தம் போட்டிருக்கலாம். போடவில்லை. பிறகு சொல்லியிருக்கலாம். ஆனால் அதற்குள் அவர்கள் இருவரும் கட்டிப்பிடித்து விழுந்து எழும்பிக்கொண்டிருந்தார்கள். இறைச்சி வெட்டியவர் பின்சப்பை முழுக்க இரத்தம் கட்டியிருக்கிறதே, என்ன நடந்தது என்று கேட்டார். கல்லில் விழுந்தது என்றேன்.

நாளை இதைச் சொல்வதா, அல்லது அந்த மூன்று முடிவில் ஒன்றைச் சொல்லிவிட்டுக் கறியைச் சாப்பிடுவதா என்பதை உங்களிடமே விடுகிறேன். பந்தயத்தின் வார்த்தை மட்டும் தெளிவாக இருக்கட்டும். கேள்வி, முதலில் பட்டது எது என்பதுதான்.

கார்பன் இல்லை. அலுமினியமும் இல்லை. என் காரின் பம்பர். பிளாஸ்டிக்.